அத்தைக்கு ஒரு நிமிட மௌனம்

இந்த நாட்டில் பஸ் ஓட்ட உரிமம் வேண்டும். சொந்த அப்பாவைப் பற்றிப் புத்தகம் போடவும் உரிமம் வேண்டும். பஸ் உரிமத்தை நான் முதல் தேர்விலேயே வாங்கிவிட்டேன். கண் பார்வை, கை கால், பிரேக் பிடிக்கிற லட்சணம், இவ்வளவுதான் பார்த்தார்கள். அப்பா விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

இரண்டாவது உரிமத்தைத் தருவது குடியேறியோர் நினைவிலக்கிய வாரியம். வேறு நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவன் தன் குடும்பக் கதையை எழுதினால், அந்த வாரியத்தின் 'வேர் முத்திரை' இல்லாமல் எந்தப் பதிப்பகமும் அதைத் தொடாது. முத்திரையில் ஒரு மரம் இருக்கும். மரத்துக்கு இலை கிடையாது, வெறும் வேர்தான். இலை போட்டால் நாங்கள் இங்கே நன்றாக இருப்பதுபோல் தெரிந்துவிடும் என்று எடுத்துவிட்டார்களாம்.

நான் பஸ் ஓட்டுகிறவன். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, அடுத்த நடைக்கு முன்னால் கிடைக்கும் இடைவேளையில், ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுவேன். அப்படி எழுதிய புத்தகம் என் அப்பாவையும் அவருடைய தங்கையையும் பற்றியது.

தங்கை, அதாவது என் அத்தை, சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு. அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'தொந்தரவு' என்பார். "தொந்தரவு சாப்பிட்டாளா?" "தொந்தரவு இன்னும் வீட்டுக்கு வரலையா?" என்றுதான் கேட்பார். ஒரு நாள் தொந்தரவு யாரிடமும் மூச்சுவிடாமல் ஒரு வெளிநாட்டுத் தையல் ஆலையின் நேர்காணலுக்குப் போய், வேலையையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அப்பா அறைக்குள் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினார். "அவன் கதவைத்தான் சாத்தினான். நான் நாட்டையே சாத்திட்டு வந்துட்டேன்" என்று அத்தை இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பேச்சு நின்றதே தவிர, சட்டை நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு சட்டை தைத்து அண்ணனுக்கு அனுப்புவாள் அத்தை. வேண்டுமென்றே ஒரு அளவு சின்னதாகத் தைப்பாள். அண்ணனுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்பதை வேறு எப்படிச் சொல்வது? அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டையை மாட்டி, போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து, ஒரு வரிகூட எழுதாமல் அவளுக்கு அனுப்பிவைப்பார். படத்தில் பட்டன்கள் எந்த நேரமும் தெறித்துவிடும் போல இருக்கும்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அத்தை ஒவ்வொரு சட்டையிலும் பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணியை மடித்து விட்டிருப்பாள். பிரித்துத் தைத்தால் சட்டை சரியாகிவிடும். எங்கள் தெருத் தையல்காரரே செய்து கொடுத்திருப்பார். அப்பா அந்த மடிப்பை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். "உள்ள துணி விட்டிருக்காடா, திமிர் பிடிச்சவ. அவளே வந்து பிரிச்சு விடட்டும்" என்பார். இங்கே அத்தை, "ஒரு வார்த்தை கேட்கட்டும், போய்ப் பிரிச்சு விடறேன்" என்று காத்திருந்தாள்.

கடைசியாக வந்த படத்தில் சட்டை அப்பாவின் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. அதைப் பார்த்த அன்றே அத்தை மெஷினில் உட்கார்ந்து, முதல் தடவையாக அண்ணனின் உண்மையான அளவுக்கு ஒரு சட்டை தைத்தாள். பார்சல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள அப்பா இல்லை. பிறகு அத்தை என்னை இங்கே வரவழைத்தபோது அந்தச் சட்டையையும் கொண்டுவந்தேன். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இதுதான். அத்தைக்குப் புத்தகத்தில் வேண்டியதும் இது ஒன்றுதான். "அவன்கிட்ட நான் மன்னிப்பே கேட்கலடா. நேர்ல கேட்டிருந்தா 'போடி'ன்னு சொல்லியிருப்பான். அச்சுல வந்துட்டா எதிர்த்துப் பேச முடியாதுல்ல" என்பாள்.

இப்படியாக நான் வாரியத்துக்குப் போனேன்.

காத்திருப்பு அறையின் சுவரெல்லாம் முத்திரை பெற்ற புத்தகங்களின் அட்டைகள். எல்லா அட்டையிலும் ஓரம் தேய்ந்த, ஒரே பழைய தோல்பெட்டி. எத்தனையோ நாடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவள். காணாமல்போன ஒரு பூனையைப் பற்றித் துப்பறியும் கதை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "மூணாவது தடவை வரேங்க. பூனை வேணாம்னு சொல்றாங்க" என்றாள்.

உள்ளே தலைவரும் துயர ஆய்வாளரும் இருந்தார்கள். துயர ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். அந்த அம்மாள் என் கையெழுத்துப் பிரதியை எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல யாராவது செத்தாங்களா?"

"அப்பா இறந்துட்டாருங்க. உடம்பு சரியில்லாம."

"படுக்கையிலயா?"

"ஆமாங்க."

அவர் தலைவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "படுக்கையில போனா இங்க இருக்கறவங்களும்தான் போறாங்க. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து வரணும்? சரி, இந்த நாட்டுக்கு எப்படி வந்தீங்க?"

"விமானத்துல."

"பயணம் கொடுமையா இருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க. சாப்பாடு கொஞ்சம் ஆறிப்போயிருந்துச்சு."

அவர் குனிந்து 'பசி' என்று எழுதிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் உரை வரப்போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். "தம்பி, நாங்க உங்க கதைகளை உங்களைவிட அதிகமா நேசிக்கிறோம். அதனாலதான் அதை உங்ககிட்டயே விட்டுவைக்க எங்களுக்கு மனசு வரல. இந்த நாட்டுல முழுச் சுதந்திரம் உண்டு. நீங்க எதை வேணா எழுதலாம். சோகமா இருந்தா போதும். வாசகன் உங்க புத்தகத்தைப் படிச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விடணும். விட்டுட்டு, நல்லவேளை இவன் இங்க வந்து சேர்ந்தான்னு நிம்மதியாத் தூங்கணும். நீங்க என்னடான்னா சட்டை, பட்டன், தொப்பைன்னு எழுதியிருக்கீங்க. வாசகன் சிரிச்சுட்டான்னா அப்புறம் உங்களை அவனுக்குச் சமமா நினைக்க ஆரம்பிச்சுடுவான். அது உங்களுக்குத்தான் கஷ்டம்."

எனக்கு என்ன கஷ்டம் என்று புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். பஸ்ஸில் மேலதிகாரி ஏறினாலும் நான் அப்படித்தான் தலையாட்டுவேன்.

வீட்டில் நேரடியாக வந்து இழப்பைப் பார்வையிட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். சொன்னபடியே துயர ஆய்வாளர் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். நாங்கள் இருப்பது கட்டடத்தின் மேல்மாடி. முன்னறையில் ஜன்னலோரமாக அத்தையின் தையல் மெஷின். அக்கம்பக்கத்துக் கால்சட்டைகளுக்கெல்லாம் ஓரம் மடித்துக் கொடுப்பது இப்போது அவள் வேலை. ஆய்வாளர் வந்தபோது ரேடியோவில் ஏதோ நகைச்சுவை ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கடி சிரிப்பீங்களா?" என்று ஆய்வாளர் கவலையோடு விசாரித்தார்.

அத்தை குண்டூசிகளை எடுத்துவிட்டு, "காரணம் இருந்தா சிரிப்பேன். நீங்க உட்காருங்க" என்றாள்.

"அழுவீங்களா?"

"வெங்காயம் நறுக்கறப்ப."

"ஊரை நினைச்சுக்கிட்டா?"

"எங்க ஊர் வெங்காயம் இதைவிடக் காரம்மா. அதை நினைச்சா இது ஒண்ணுமே இல்ல."

ஆய்வாளர் முகம் மலர்ந்து 'தீராத ஏக்கம்' என்று எழுதிக்கொண்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டி எங்கே என்று கேட்டார். அது எப்போதோ பிய்ந்துபோய் குப்பைக்குப் போய்விட்டது என்று அத்தை சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெட்டியைப் போய்க் குப்பையில போட்டீங்களா? பெட்டி இல்லாம எப்படி அட்டை போடறது?" என்றார். அப்புறம் அவரே மனதைத் தேற்றிக்கொண்டு கீழே போய், காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓரம் தேய்ந்த, காத்திருப்பு அறையில் நான் பார்த்த அதே தோல்பெட்டி. அதன் கைப்பிடிக்குக் கீழே வாரியத்தின் பொருள் எண் ஒட்டியிருந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தூரமாப் பாருங்க. எதையோ தொலைச்ச மாதிரி."

"கத்தரிக்கோலைக் காலைலேர்ந்து காணோம். அதை நினைச்சுக்கவா?"

"நினைச்சுக்குங்க."

படம் மிக நன்றாக வந்தது. பிறகு புத்தக அட்டையில் அதைப் பார்த்தவர்கள் ஒரு நாகரிகமே அழிந்துபோனதுபோல் இருக்கிறது என்றார்கள். கத்தரிக்கோல் அன்று சாயங்காலமே சோபாவுக்கு அடியில் கிடைத்துவிட்டது.

மறுபடியும் வாரியம் கூப்பிட்டது. இந்தத் தடவை ரொட்டிக் கடைப் பெண்ணும் உள்ளே உட்கார்ந்திருந்தாள். தலைவர் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, உங்ககிட்ட புத்தகம் இருக்கு, துயரம் போதல. இந்தம்மாகிட்ட துயரம் இருக்கு, வீணாக் கிடக்குது. இவங்க படகுல வந்தவங்க. நிஜப் படகு! அதை விட்டுட்டுப் பூனையைத் தேடிட்டுத் திரியறாங்க. வாரியம் யோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்கு. இவங்க பயன்படுத்தாத படகை உங்க புத்தகத்துக்கு மாத்திக் கொடுக்கறோம். உங்க அத்தை அந்தப் படகுல வர்றாங்க."

"அத்தைக்கு ஆலைக்காரங்களே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க சார்."

"வாழ்க்கையில வந்திருக்கலாம். இலக்கியத்துல அப்படி வர முடியாது."

ரொட்டிக் கடைப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக்குங்க அண்ணா. அந்தப் படகை நான் மறுபடியும் பார்க்கவே வேணாம். பூனைக் கதை எழுதறப்பதான் எனக்கு நல்லாத் தூக்கம் வருது" என்றாள். பிறகு தலைவரிடம், "ஆனா ஒண்ணு சார். எங்க படகுல யாரும் சாகல. எல்லாரும் கரை சேர்ந்துட்டோம்" என்றாள்.

"அதுதாம்மா அதுல குறை" என்றார் தலைவர்.

குறையைச் சரி செய்ய ஒருவர் சாக வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்ததோ இரண்டே பேர். அப்பா ஏற்கெனவே படுக்கையில் இறந்து தகுதி இழந்துவிட்டார். ஆகவே அத்தை கரை தெரியும் தூரத்தில் கடலில் மூழ்கிவிடுவாள் என்று ஒருமனதாக முடிவானது. உண்மை வரலாறு என்ற பிரிவில்தான் புத்தகம் வரும் என்றும், அதில் எந்த மாற்றமும் இல்லை என்றும் ஆய்வாளர் எனக்கு உறுதி கொடுத்தார்.

"அவங்க உயிரோட இருக்காங்களே மேடம். நீங்க வந்து பார்த்தீங்களே" என்றேன்.

"பார்த்தேன். அதை அறிக்கையில சேர்க்கல. நீங்க பயப்படாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, அத்தையிடம் சொல்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"கடல்லயா?" என்றாள்.

"ஆமா அத்தை. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"நீச்சல் தெரியாதவளா எழுதிடாதே. நான் நல்லா நீந்துவேன். அலை பெருசுன்னு போடு." மறுபடி மெஷினில் துணியை நுழைத்தாள். "என்னைக் கொன்னுக்கட்டும்டா, பரவால்ல. அந்தச் சட்டையை மட்டும் விட்டுடச் சொல்லு. அதை எடுத்தாங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

நான் அப்படியே போய்ச் சொன்னேன். அத்தை சாகச் சம்மதம், சட்டை அத்தியாயம் இருக்க வேண்டும். தலைவர் என் தோளில் கை வைத்து, "உங்க உணர்வை வாரியம் ஆழமா மதிக்குது" என்றார். இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்தும், அந்த வாக்கியத்துக்கு 'முடியாது' என்று பொருள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

புத்தகம் வெளியீட்டு விழா அன்றுதான் என் கைக்கு வந்தது. அரங்கத்தின் வாசலிலேயே நின்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அலை, இருட்டு, அத்தையின் கை நீருக்குள் மறைகிறது, முற்றும். சட்டை இல்லை, ஒரு பட்டன்கூட இல்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். புத்தகத்தை வாங்கி மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அன்று நான் போட்டிருந்தது அந்தச் சட்டைதான். கடைசி அத்தியாயம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், மேடையில் காட்டலாமே என்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மெலிந்துபோன அப்பாவின் அளவுக்குத் தைத்த சட்டை. பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கும் அப்பாவின் பழைய தொப்பை வந்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "இந்தப் புத்தகத்தின் நாயகி இன்று நம்மிடையே இல்லை" என்று ஆரம்பித்தார். நாயகி முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டைப்படத்தில் இருந்த அதே முகத்தோடு இருந்தாள். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் கையில் பெட்டி இல்லை. "அவர்களால் பேச முடியாது. அவர்கள் சார்பில் பேசும் பெரும் பொறுப்பை வாரியம் ஏற்றுக்கொள்கிறது. அந்த வீரப் பெண்மணிக்காக ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்போம்."

அரங்கமே எழுந்தது. அத்தை பக்கத்தில் இருந்த ரொட்டிக் கடைப் பெண்ணிடம், "செத்தவளும் எழுந்து நிக்கணுமா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பிறகு மரியாதைக்கு அவளும் எழுந்தாள்.

சத்தமே இல்லை. நான் இழுத்துப் பிடித்த மூச்சை எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்டேன். வயிற்றுக்கு மேலே இருந்த பட்டன் தெறித்து ஒலிவாங்கியில் 'டங்' என்று பட்டு, மேடையில் உருண்டுபோய்த் தலைவரின் பூட்ஸ் ஓரத்தில் நின்றது. அரங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அத்தை விறுவிறுவென்று படியேறி மேடைக்கு வந்தாள். "ஏம்மா, யார் நீங்க? மௌனம் இன்னும் முடியல" என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து பட்டனை எடுத்தாள். கைப்பையிலிருந்து, நூல் கோத்தபடியே எப்போதும் வைத்திருக்கும் ஊசியை எடுத்தாள். என் முன்னால் நின்று பட்டனைத் தைக்க ஆரம்பித்தாள்.

தைத்துக்கொண்டே பேசினாள். என்னிடம் பேசவில்லை.

"மூச்சை விடுண்ணா. என்னத்துக்கு இப்படிப் பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்கற? ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன்ல. நீ கேட்க மாட்ட. நான் மட்டும் என்ன? அத்தனை சட்டைக்குள்ளயும் துணியை விட்டேன், ஒரு வார்த்தை எழுதி விட்டேனா? எல்லாம் என் திமிருதான். தப்பு என் மேலதாண்ணா. கதவைத் திறந்துட்டு ஒரு தடவை வெளியில வந்திருக்கலாம் நீ. நானாவது ஒரு தடவை தட்டியிருக்கலாம்."

ஒலிவாங்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் அவள் குரல் போனது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்த சத்தமும் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை, கண்ணைத் துடைத்தார். பிறகு புத்தகத்தைப் பரபரவென்று புரட்டிவிட்டு ஆய்வாளரிடம், "மேடம், இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

"இல்ல சார். நாமதான் எடுத்துட்டோம்."

"ஏன்?"

"துயரம் போதலைன்னு சார்."

அதுவும் ஒலிவாங்கியில் போனது. தலைவர் கூச்சப்படுகிறவர் அல்ல. உடனே என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இந்தச் சட்டை நாட்டின் பொதுச் சொத்து. வாரியத்தோட கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். இதைத் தைச்சவங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்" என்று அறிவித்தார்.

அத்தை ஊசியைக் கைப்பையில் போட்டு மூடினாள். "தைச்சவதான் கடல்ல போயிட்டாளே, நீங்கதானே அனுப்பி வச்சீங்க? அவகிட்ட போய் வாங்கிக்குங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "இறங்குடா, போகலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி, பக்கத் தையலைப் பிரித்து மெஷினில் போட்டாள். அண்ணனின் சரியான அளவுக்குத்தான் தைத்திருந்தாள். இருந்தும் வழக்கம்போல உள்ளே துணி விட்டிருந்தாள். "உடம்பு தேறிட்டான்னா பிரிச்சு விடலாம்னு நினைச்சேன்" என்றாள். அந்தச் சட்டை இப்போது எனக்கு அளவாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இன்றும் பஸ் எடுத்தேன்.

விழாவைப் பற்றிய வாரியத்தின் அதிகாரபூர்வ அறிக்கை தபாலில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு நான் வாசித்துக் காட்டினேன். 'நிகழ்ச்சியின் நடுவே, காலமானவர் ஒருவரால் சிறிது நேரம் தொந்தரவு ஏற்பட்டது. மற்றபடி விழா இனிதே நிறைவுற்றது.'

அத்தைக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தாள். "என் பேரு இவங்களுக்கு யாருடா சொன்னது?" என்றாள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி வாரியம் எழுதியதில் உண்மையான வரி அது ஒன்றுதான்.